சராசரி விருந்தினர் மதிப்பீடு (குறுங்கால வாடகை)

சராசரி விருந்தினர் மதிப்பீடு என்பது, வீட்டையோ அறையையோ குறுங்காலத்திற்கு வாடகைக்கு விடும் விருந்தோம்புநர் ஒருவருக்கு, அவரிடம் தங்கிச் சென்ற விருந்தினர்கள் இணையத்தளம் வழியாக வழங்கும் மதிப்பெண்களின் கூட்டுச் சராசரி ஆகும். ஏர்பிஎன்பி தளத்தில் இது 1 முதல் 5 வரையிலான நட்சத்திரங்களாலும், புக்கிங்.காம் தளத்தில் 10 புள்ளி அளவுகோலாலும் குறிக்கப்படுகிறது. தேடல் முடிவுகளில் தங்கிடம் பெறும் இடம், சிறப்புத் தகுதிகள், தளத்தில் தொடர்ந்து நீடிக்கும் வாய்ப்பு ஆகியவை இவ்வெண்ணுடன் தொடர்புடையவை. ஆதலால் விருந்தோம்புநரின் வருமானத்தை இது நேரடியாகப் பாதிக்கிறது.

இச்சராசரியைக் கணிக்கும் முறை எளிய கூட்டலும் வகுத்தலுமே ஆகும். எனினும் எந்த மதிப்பீடுகளைச் சேர்ப்பது, எவ்வளவு காலத்திற்குச் சேர்ப்பது, எந்த வரம்புடன் ஒப்பிடுவது என்பவற்றைப் பொறுத்து ஒரே தரவிலிருந்து வேறுபட்ட முடிவுகள் கிடைக்கின்றன. இக்கட்டுரை பெரும்பாலும் ஏர்பிஎன்பி தளத்தின் முறையை எடுத்துக்காட்டாகக் கொண்டு இதனை விளக்குகிறது.

பின்னணி

ஏர்பிஎன்பி நிறுவனம் 2008ஆம் ஆண்டு ஐக்கிய அமெரிக்காவின் சான் பிரான்சிசுகோ நகரில் பிரையன் செசுகி, சோ கெபியா, நேத்தன் பிளெச்சார்சிக் ஆகியோரால் தொடங்கப்பட்டது. முன்பின் அறியாதவர் வீட்டில் தங்குவதற்கும், முன்பின் அறியாதவரை வீட்டில் தங்கவைப்பதற்கும் ஒருவகை நம்பிக்கை தேவைப்படுகிறது. வணிக விடுதிகளுக்கு அந்நம்பிக்கையைப் பெயரும் உரிமமும் அரசின் வகைப்பாடும் தருகின்றன. தனியார் வீடுகளுக்கு அவை பெரும்பாலும் இல்லாததால், முன்பு தங்கியவர்களின் மதிப்பீடு அந்த இடத்தை நிரப்புகிறது.

இங்கு ஒரு வேறுபாட்டைக் கவனத்தில் கொள்ள வேண்டும். விடுதிகளின் நட்சத்திர வகைப்பாடு வசதிகளைக் குறிப்பது. இந்தியாவில் சுற்றுலா அமைச்சகம் இவ்வகைப்பாட்டை வழங்குகிறது. அம்முறையில் மூன்று நட்சத்திர விடுதி என்பது குறை அன்று, ஒரு வகை மட்டுமே. விருந்தினர் மதிப்பீட்டின் நட்சத்திரமோ மனநிறைவைக் குறிப்பது. இரண்டிற்கும் ஒரே குறியீடு பயன்படுவதால் விருந்தினரிடையே குழப்பம் ஏற்பட இடமுண்டு.

மதிப்பீடு பெறப்படும் முறை

ஏர்பிஎன்பி தளத்தில் விருந்தினர் வெளியேறிய நாளிலிருந்து 14 நாட்களுக்குள் மதிப்பீட்டை அளிக்க வேண்டும். விருந்தோம்புநரும் விருந்தினரைப் பற்றி அதே காலத்தில் கருத்துரை எழுதலாம். இருவரும் எழுதி முடித்த பின்னரோ, 14 நாட்கள் கடந்த பின்னரோதான் அவை வெளியிடப்படுகின்றன.

இம்முறை 2014ஆம் ஆண்டு சூலை மாதத்தில் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்னர் ஒருவர் எழுதியதை மற்றவர் படித்துவிட்டுத் தம் கருத்தை எழுத முடிந்தது. குறை கூறினால் பதிலுக்குக் குறை கூறப்படும் என்ற அச்சம் மதிப்பீடுகளை உயர்த்தக்கூடும் என்பதே மாற்றத்திற்கான காரணம் ஆகும். ஆண்ட்ரே பிராட்கின், எலினா கிரேவால், டேவிட் ஓல்ட்சு ஆகியோர் இம்மாற்றத்தைச் சோதனை முறையில் ஆராய்ந்து 2021ஆம் ஆண்டு முடிவுகளை வெளியிட்டனர். ஒரே நேரத்தில் வெளியிடும் முறையால் கருத்துரை எழுதுவோர் எண்ணிக்கை கூடியதையும், மதிப்பீடுகள் சிறிதளவு குறைந்ததையும் அவர்கள் கண்டனர்.

மொத்த மதிப்பீடும் பிரிவு மதிப்பீடுகளும்

விருந்தினர் முதலில் தங்கலுக்கு ஒட்டுமொத்தமாக ஒரு மதிப்பீட்டை வழங்குகிறார். அத்துடன் தூய்மை, விவரங்களின் துல்லியம், வருகைப்பதிவு, தகவல் தொடர்பு, அமைவிடம், பணமதிப்பு ஆகிய ஆறு பிரிவுகளுக்கும் தனித்தனியே நட்சத்திரங்களை வழங்கலாம்.

மொத்த மதிப்பீடு இந்த ஆறு பிரிவுகளின் சராசரி அன்று. அது தனியாகக் கேட்கப்படும் கேள்வி. ஆறு பிரிவுகளிலும் 5 நட்சத்திரம் வழங்கிய விருந்தினர் மொத்த மதிப்பீடாக 4 வழங்கினால், கணக்கில் சேர்வது 4 மட்டுமே. இதேபோல, பேருந்து நிலையத்திலிருந்து தொலைவில் உள்ள வீடு அமைவிடப் பிரிவில் குறைந்த மதிப்பெண் பெற்றாலும், அது தானாகவே மொத்த மதிப்பீட்டைக் குறைப்பதில்லை.

புக்கிங்.காம் தளம் 2019ஆம் ஆண்டுவரை இதற்கு மாறான முறையைப் பின்பற்றியது. அங்கு விருந்தினர் ஆறு பிரிவுகளுக்கு நான்கு முகக்குறிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தனர். அவற்றின் மதிப்புகள் முறையே 2.5, 5, 7.5, 10 ஆகும். ஆறு மதிப்புகளின் சராசரியே மொத்த மதிப்பெண்ணாகக் காட்டப்பட்டது. ஆகவே மிக மோசமான தங்கிடத்திற்கும் 2.5க்குக் குறைவாக மதிப்பெண் கிடைக்க வழியில்லை. அளவுகோலின் நடுப்புள்ளி 5 அன்று, 6.25 ஆகும். இதனை அறியாத வாசகர் 6 என்ற மதிப்பெண்ணைச் சராசரிக்கு மேற்பட்டதாகக் கருதினார். உண்மையில் அது நடுப்புள்ளிக்குக் கீழ்ப்பட்டது. 2019ஆம் ஆண்டு முதல் விருந்தினர் 1 முதல் 10 வரை மொத்த மதிப்பெண்ணை நேரடியாக வழங்கும் முறை நடைமுறைக்கு வந்தது.

கணிக்கும் முறை

அடிப்படை வாய்பாடு பின்வருமாறு:

சராசரி = பெற்ற நட்சத்திரங்களின் கூட்டுத்தொகை ÷ மதிப்பீடுகளின் எண்ணிக்கை

எடுத்துக்காட்டாக, ஒரு விருந்தோம்புநர் ஓராண்டில் 40 மதிப்பீடுகளைப் பெற்றதாகக் கொள்வோம். அவை வருமாறு:

5 நட்சத்திரம்: 34 பேர் (170)
4 நட்சத்திரம்: 4 பேர் (16)
3 நட்சத்திரம்: 1 நபர் (3)
1 நட்சத்திரம்: 1 நபர் (1)

கூட்டுத்தொகை 190. எனவே சராசரி 190 ÷ 40 = 4.75 ஆகும்.

இதே விடையை வேறு வழியிலும் பெறலாம். ஒவ்வொரு மதிப்பீடும் 5இலிருந்து எவ்வளவு குறைகிறது என்பதை மட்டும் கூட்டினால் போதும். இங்கு நான்கு பேரிடமிருந்து ஒவ்வொன்றாக 4, மூன்று நட்சத்திரம் வழங்கியவரிடமிருந்து 2, ஒரு நட்சத்திரம் வழங்கியவரிடமிருந்து 4, ஆக மொத்தம் 10 குறைவுப் புள்ளிகள். இதனை 40ஆல் வகுத்தால் 0.25. 5இலிருந்து 0.25ஐக் கழித்தால் 4.75 கிடைக்கும். பெரும்பாலான மதிப்பீடுகள் 5 ஆக இருக்கும் தரவுக்கு இவ்வழி மிகவும் வசதியானது.

இத்தரவின் இடைநிலையளவும் முகடும் 5 ஆகும். ஏறத்தாழ எல்லாத் தங்கிடங்களுக்கும் இவ்விரண்டும் 5 ஆகவே அமையக்கூடும் என்பதால், தங்கிடங்களை வேறுபடுத்திக் காட்ட அவை உதவுவதில்லை. சராசரியில் மட்டுமே வேறுபாடு தெரிகிறது.

குறைந்தது மூன்று விருந்தினர் மதிப்பிட்ட பின்னரே ஏர்பிஎன்பி தளம் ஒரு தங்கிடத்தின் சராசரியை வெளியிடுகிறது. தற்போது சராசரி இரண்டு தசம இடங்கள்வரை காட்டப்படுகிறது. முற்காலத்தில் அது அரை நட்சத்திரத்திற்கு முழுமையாக்கப்பட்டுக் காட்டப்பட்டது. அம்முறையில் 4.76உம் 4.99உம் ஒன்றுபோலவே 5 எனத் தோன்றும்.

தங்கிடச் சராசரியும் விருந்தோம்புநர் சராசரியும்

ஒருவர் ஒன்றுக்கு மேற்பட்ட தங்கிடங்களை நடத்தும்போது, அவருடைய சராசரியை இரண்டு வழிகளில் கணிக்க இயலும். ஒருவரிடம் இரண்டு தங்கிடங்கள் இருப்பதாகக் கொள்வோம். முதலாவது 50 மதிப்பீடுகளில் 4.9 சராசரியும், இரண்டாவது 5 மதிப்பீடுகளில் 4.2 சராசரியும் பெற்றுள்ளன.

சராசரிகளின் சராசரி: (4.9 + 4.2) ÷ 2 = 4.55
அனைத்து மதிப்பீடுகளின் சராசரி: (245 + 21) ÷ 55 = 4.84

இரண்டாவது முறை, மதிப்பீடுகளின் எண்ணிக்கையை நிறையாகக் கொண்ட நிறையிட்ட சராசரி ஆகும். விருந்தோம்புநரின் தகுதியைக் கணிக்க எல்லாத் தங்கிடங்களின் மதிப்பீடுகளையும் ஒன்றாகச் சேர்க்கும் இம்முறையே பொருத்தமானது. முதல் முறையில் ஐந்து பேரின் கருத்து ஐம்பது பேரின் கருத்துக்கு நிகராக எடுத்துக்கொள்ளப்படுகிறது.

4.8 என்னும் வரம்பு

ஏர்பிஎன்பி தளம் தகுதி வாய்ந்த விருந்தோம்புநர்களுக்கு சூப்பர்ஹோஸ்ட் என்னும் நிலையை வழங்குகிறது. இதற்கான நிபந்தனைகள் வருமாறு:

மொத்த மதிப்பீட்டின் சராசரி 4.8 அல்லது அதற்கு மேல்
குறைந்தது 10 தங்கல்கள், அல்லது மொத்தம் 100 இரவுகளுக்குக் குறையாத 3 தங்கல்கள்
செய்திகளுக்கு விடையளிக்கும் வீதம் 90 விழுக்காடு அல்லது அதற்கு மேல்
விருந்தோம்புநர் முன்பதிவை நீக்கும் வீதம் 1 விழுக்காட்டிற்கும் குறைவு

இவை சனவரி, ஏப்பிரல், சூலை, அக்டோபர் மாதங்களின் முதல் நாளில், கடந்த 365 நாட்களுக்கு மதிப்பிடப்படுகின்றன. பிரிவு மதிப்பீடுகள் இதில் சேர்வதில்லை.

4.8 என்பது ஒரு மதிப்பீட்டிற்கு 0.2 குறைவுப் புள்ளிகள் மட்டுமே அனுமதிக்கப்படுவதைக் குறிக்கிறது. அதாவது ஐந்து மதிப்பீடுகளுக்கு ஒரு குறைவுப் புள்ளி. இதிலிருந்து, ஒரு குறைந்த மதிப்பீட்டை ஈடுசெய்யத் தேவைப்படும் 5 நட்சத்திர மதிப்பீடுகளின் எண்ணிக்கையைக் கணிக்கலாம்:

ஒரு 4 நட்சத்திர மதிப்பீட்டை ஈடுசெய்ய: 4
ஒரு 3 நட்சத்திர மதிப்பீட்டை ஈடுசெய்ய: 9
ஒரு 2 நட்சத்திர மதிப்பீட்டை ஈடுசெய்ய: 14
ஒரு 1 நட்சத்திர மதிப்பீட்டை ஈடுசெய்ய: 19

ஐந்துக்கு நான்கு என்பது 80 விழுக்காடு. தேர்வு எழுதும் மாணவருக்கு அது நல்ல மதிப்பெண். ஆனால் எல்லா விருந்தினரும் 4 நட்சத்திரம் வழங்கும் வீடு, மேற்கண்ட வரம்பிலிருந்து வெகுதொலைவு பின்தங்கியிருக்கும். "நன்று" என எண்ணி 4 நட்சத்திரம் வழங்கும் விருந்தினர், கணக்கின்படி விருந்தோம்புநரின் சராசரியைக் கீழே இழுக்கிறார். இதனை அவர் அறிந்திருப்பதில்லை. இம்மதிப்பீட்டு முறையைப் பற்றிய முதன்மையான குறைபாடாக இது சுட்டப்படுகிறது.

மதிப்பீடுகள் ஐந்துக்கும் குறைவாக உள்ளபோது வரம்பு மேலும் கடுமையாகிறது. நான்கு மதிப்பீடுகளில் ஒன்று 4 ஆக இருந்தாலும் சராசரி 4.75 ஆகிவிடும். நீண்டகாலத் தங்கல்கள் மூன்றை மட்டும் நடத்தித் தகுதி பெற முயல்பவர், பெறும் மதிப்பீடுகள் அனைத்தும் 5 ஆக இருந்தாலன்றி 4.8ஐ எட்ட இயலாது.

பழைய வரம்புடன் ஒப்பீடு

2018ஆம் ஆண்டு மாற்றப்படும்வரை, சூப்பர்ஹோஸ்ட் நிலைக்குச் சராசரி கணிக்கப்படவில்லை. மதிப்பீடுகளில் 80 விழுக்காடு 5 நட்சத்திரமாக இருக்க வேண்டும் என்பதே நிபந்தனை.

ஒரே தரவுக்கு இரு நிபந்தனைகளையும் ஒப்பிட்டால் பின்வரும் முடிவு கிடைக்கிறது. 5 அல்லாத ஒவ்வொரு மதிப்பீடும் குறைந்தது ஒரு குறைவுப் புள்ளியைத் தரும். ஆதலால் 5 அல்லாதவை 20 விழுக்காட்டைத் தாண்டினால் சராசரி கட்டாயம் 4.8க்குக் கீழே செல்லும். எனவே புதிய நிபந்தனையை நிறைவு செய்பவர் எவரும் பழைய நிபந்தனையையும் நிறைவு செய்வார். இதன் மறுதலை உண்மையன்று. முன்னர்க் காட்டிய எடுத்துக்காட்டில் 40இல் 34 மதிப்பீடுகள், அதாவது 85 விழுக்காடு, 5 நட்சத்திரம் ஆகும். அவர் பழைய நிபந்தனையில் வெற்றி பெறுவார்; சராசரி 4.75 என்பதால் புதிய நிபந்தனையில் தோல்வி அடைவார்.

பழைய முறையில் 4 நட்சத்திரமும் 1 நட்சத்திரமும் ஒரே அளவு இழப்பையே தந்தன. புதிய முறையில் 1 நட்சத்திரம் நான்கு மடங்கு இழப்பைத் தருகிறது. மிகவும் மனக்குறையுற்ற ஒரேயொரு விருந்தினரின் செல்வாக்கு இதனால் பெருகுகிறது.

காலச் சாளரம்

தகுதிக் கணிப்பில் கடந்த 365 நாட்களின் மதிப்பீடுகள் மட்டுமே சேர்வதால், இது நகரும் சராசரி ஆகிறது. மேற்கண்ட எடுத்துக்காட்டில், 1 நட்சத்திர மதிப்பீடு ஓராண்டைக் கடந்து கணக்கிலிருந்து வெளியேறினால், பிற மதிப்பீடுகள் மாறாதிருக்கையில், சராசரி 189 ÷ 39 = 4.85 ஆக உயரும். விருந்தோம்புநர் எதையும் மாற்றாமலேயே வரம்பைக் கடந்துவிடுவார். அம்மதிப்பீடு வெளியேறும்வரை காத்திருக்காமல் 4.8ஐ எட்ட விரும்பினால், அவருக்குத் தொடர்ந்து பத்து 5 நட்சத்திர மதிப்பீடுகள் தேவைப்படும்.

தங்கிடப் பக்கத்தில் வாசகருக்குக் காட்டப்படும் சராசரி இதிலிருந்து வேறுபட்டது. அதில் பழைய மதிப்பீடுகளும் அடங்கும். எனவே இவ்விரு எண்களும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை.

சிறு எண்ணிக்கையும் பிழையும்

எந்தச் சராசரியிலும் தற்செயல் வேறுபாடு உண்டு. மேலே கண்ட 40 மதிப்பீடுகளின் திட்ட விலக்கம் ஏறத்தாழ 0.74 ஆகும். இதனை 40இன் வர்க்கமூலத்தால் வகுத்தால் சராசரியின் திட்டப் பிழை ஏறத்தாழ 0.12 எனக் கிடைக்கிறது. 4.75க்கும் 4.80க்கும் உள்ள இடைவெளி 0.05 மட்டுமே. அதாவது தகுதி பெற்றவரையும் பெறாதவரையும் பிரிக்கும் வேறுபாடு, அளவீட்டின் பிழையில் பாதிக்கும் குறைவு. அவ்விருவரின் சேவையில் உண்மையான வேறுபாடு உண்டென்று இந்த எண்களைக் கொண்டு மட்டும் கூற இயலாது.

சிறு எண்ணிக்கையால் ஏற்படும் சிக்கலைக் குறைப்பதற்குப் புள்ளியியலில் பேய்சியன் சராசரி பயன்படுகிறது. இதில் ஒவ்வொரு தங்கிடத்திற்கும், பொதுச் சராசரியைக் கொண்ட சில கற்பனை மதிப்பீடுகள் முன்கூட்டியே சேர்க்கப்படுகின்றன. 4.7 மதிப்புடைய 10 கற்பனை மதிப்பீடுகளைச் சேர்ப்பதாகக் கொண்டால்:

3 மதிப்பீடுகள், சராசரி 5.0 உள்ள வீடு: (47 + 15) ÷ 13 = 4.77
100 மதிப்பீடுகள், சராசரி 4.9 உள்ள வீடு: (47 + 490) ÷ 110 = 4.88

எளிய சராசரியில் முதல் வீடு முந்துகிறது. பேய்சியன் சராசரியில் நீண்டகாலம் நற்பெயர் ஈட்டிய இரண்டாவது வீடு முந்துகிறது. வரிசைப்படுத்தலுக்கு இத்தகைய முறைகள் எளிய சராசரியைவிடப் பொருத்தமானவை.

மதிப்பீடுகளின் குவிவு

போசுட்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சியார்சியோசு செர்வாசு, டேவிட் புரோசெர்பியோ, சான் பையர்சு ஆகியோர் 2015ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், உலகெங்கும் உள்ள 6 இலட்சத்திற்கும் மேற்பட்ட ஏர்பிஎன்பி தங்கிடங்களின் மதிப்பீடுகளை ஆராய்ந்தனர். அவற்றுள் ஏறத்தாழ 95 விழுக்காடு 4.5 அல்லது 5 நட்சத்திரச் சராசரியைப் பெற்றிருந்தன. 3.5க்குக் குறைவானவை ஏறத்தாழ இல்லை எனலாம். டிரிப்அட்வைசர் தளத்தில் விடுதிகளின் சராசரி 3.8 ஆக இருந்தது.

இக்குவிவுக்குப் பல காரணங்கள் கூறப்படுகின்றன. வீட்டின் உரிமையாளரை நேரில் சந்தித்துப் பழகிய விருந்தினர் குறை கூறத் தயங்குகிறார். மனநிறைவு பெறாத சிலர் எதையும் எழுதாமல் விட்டுவிடுகின்றனர். கருத்துரை எழுதாத விருந்தினர்களுக்குச் சலுகை வழங்கி எழுதச் செய்த சோதனை ஒன்றை பிராட்கினும் ஓல்ட்சும் ஆராய்ந்தனர். அவ்வாறு பெறப்பட்டவை வழக்கமான கருத்துரைகளைவிடக் கூடுதல் குறைகளைக் கொண்டிருந்தன. மேலும், குறைந்த மதிப்பீடு பெறும் தங்கிடங்கள் காலப்போக்கில் தளத்திலிருந்து வெளியேறுவதால் எஞ்சியவற்றின் சராசரி உயர்கிறது.

அளவுகோலில் ஐந்து படிகள் இருந்தாலும் நடைமுறையில் 4.5க்கும் 5க்கும் இடைப்பட்ட பகுதி மட்டுமே பயன்படுகிறது. ஆகவேதான் இரண்டாம் தசம இடத்தின் வேறுபாடுகூடப் பொருட்படுத்தப்படுகிறது.

விளைவுகள்

2023ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் ஏர்பிஎன்பி, விருந்தினர் மிகவும் விரும்பும் 20 இலட்சம் தங்கிடங்களுக்குத் தனி அடையாளம் ஒன்றை அறிமுகப்படுத்தியது. இதற்கு மதிப்பீடுகள், கருத்துரைகள் ஆகியவற்றுடன் முன்பதிவு நீக்கம் போன்ற நம்பகத்தன்மைத் தரவுகளும் கணக்கில் கொள்ளப்படுகின்றன. சூப்பர்ஹோஸ்ட் நிலை விருந்தோம்புநருக்கு உரியது. இவ்வடையாளம் தங்கிடத்திற்கு உரியது.

அதே 2023ஆம் ஆண்டு புதுப்பிக்கப்பட்ட தரக் கட்டுப்பாட்டு முறையின்கீழ், விருந்தினரின் எதிர்பார்ப்பை நிறைவு செய்யாத 3 இலட்சத்திற்கும் மேற்பட்ட தங்கிடங்கள் நீக்கப்பட்டதாக அந்நிறுவனம் 2024ஆம் ஆண்டு தெரிவித்தது. ஒரேயொரு அறையை வாடகைக்கு விடுபவருக்கு ஆண்டில் கிடைக்கும் மதிப்பீடுகள் மிகச் சிலவே. பல வீடுகளை நடத்தும் நிறுவனத்திற்கு அவை நூற்றுக்கணக்கில் கிடைக்கும். ஒரு 1 நட்சத்திர மதிப்பீடு, பிற அனைத்தும் 5 எனக் கொண்டால், 10 மதிப்பீடுகள் உள்ளவரின் சராசரியை 4.6 ஆகக் குறைக்கிறது. 200 மதிப்பீடுகள் உள்ளவரின் சராசரியை 4.98 ஆக மட்டுமே குறைக்கிறது. எனவே ஒரே வரம்பு இருவருக்கும் ஒரே சுமையைத் தருவதில்லை.

சட்டங்களும் சீர்தரங்களும்

சராசரியைக் கணிக்கும் வாய்பாட்டை எந்த நாட்டுச் சட்டமும் வரையறுப்பதைவிட, சேர்க்கப்படும் கருத்துரைகள் உண்மையானவையா என்பதிலேயே சட்டங்கள் கவனம் செலுத்துகின்றன. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2022ஆம் ஆண்டு மே 28 முதல், கருத்துரைகள் உண்மையான நுகர்வோரிடமிருந்து பெறப்பட்டவையா என்பதை உறுதிப்படுத்தும் முறையைத் தளங்கள் தெரிவிக்க வேண்டும். இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2022ஆம் ஆண்டு நவம்பரில், இணையவழி நுகர்வோர் கருத்துரைகளைத் திரட்டல், நெறிப்படுத்தல், வெளியிடல் ஆகியவற்றுக்கான ஐஎஸ் 19000:2022 என்னும் சீர்தரத்தை வெளியிட்டது. ஐக்கிய அமெரிக்காவின் கூட்டாட்சி வணிக ஆணையம் போலிக் கருத்துரைகளைத் தடைசெய்யும் விதியை 2024ஆம் ஆண்டு அக்டோபர் 21 முதல் நடைமுறைப்படுத்தியது.

இவற்றையும் பார்க்கவும்

கூட்டுச் சராசரி
நிறையிட்ட சராசரி
நகரும் சராசரி
திட்ட விலக்கம்